புங்கமரத்தடிப் பெரியவர்

"கார் வச்சிருக்கிறவன் எவனாவது தினம் பஸ்ல வருவானாடி?"

கேட்டீங்களா தம்பி? கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதே, மஞ்சள் துப்பட்டா, அந்தப் பொண்ணுதான் சொல்லுது. யாரோ ஒரு பையனைப் பத்தி. கார் இருக்குன்னு சொன்னானாம், ஆனா தினம் பஸ்ல வர்றானாம், அதனால அவன் புளுகுறானாம். பாவம் அந்தப் பையன். எனக்கு எழுந்து போய்ச் சொல்லணும் போல இருக்கு. என்கிட்டயும் இருக்கும்மா, வெள்ளைக் கார். நானும் தினம் பஸ்லதான் வர்றேன். கார் இருக்கிறதாலதான் பஸ்ல வர்றேன்.

சிரிக்கிறீங்க. எல்லாரும் இந்த இடத்துல சிரிப்பாங்க. காதுல அது மாட்டியிருக்கீங்களே, பாட்டு ஓடுதா? ஓடலையா? அப்பச் சரி. வேளச்சேரி வரைக்கும்தானே? நல்லதாப் போச்சு. சைதாப்பேட்டை தாண்டவே இன்னைக்கு நேரமாகும், ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான். இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி உட்காருங்க, உங்க மேல வெயில் அடிக்குது. இந்த பஸ்ல நடக்கிற அநியாயத்தைக் கவனிச்சிருக்கீங்களா? காலைல வடக்கே போறோம், வெயில் வலது பக்கம். சாயங்காலம் தெற்கே வர்றோம், அப்பவும் வெயில் வலது பக்கம். ஆம்பளைங்க சீட்டு வலது பக்கம். இடது பக்கம் பூரா பொம்பளைங்க. எப்பவும் நிழல், டிக்கெட்டும் கிடையாது. நான் யாரையும் குறை சொல்லலை. சூரியனே அவங்க கட்சிங்கிறேன், அவ்வளவுதான்.

என் பேரு தணிகாசலம். பாரிமுனையில ஒரு பேப்பர் மொத்த வியாபாரக் கடையில கணக்கு எழுதுறேன். இந்த ரூட்டுல நான் வராத நாள் இல்லை. ஆனா ஒண்ணு சொல்றேன், பஸ் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது தம்பி. ஒரு நாள்கூடப் பிடிச்சதில்லை. என்ன மூர்த்தி, பொண்ணுக்கு சீட் கிடைச்சுதா? கம்ப்யூட்டரா? சந்தோஷம், சந்தோஷம், நான் கேட்டேன்னு சொல்லு. கண்டக்டர். நல்ல மனுஷன். டிரைவர்தான் புதுசு, பிரேக்கை மிதிச்சு மிதிச்சு ஓட்டுறான். பழைய டிரைவர் சுந்தரவடிவேலு வளைவுல திருப்புறதே ஒரு அழகு, தூங்குற குழந்தைகூட முழிக்காது. அவர் வேற டிப்போவுக்குப் போனப்ப நாங்க நாலு பேர் சால்வை போட்டோம். என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், பஸ் பிடிக்காது.

சென்னையில ஒரு குடும்பஸ்தன் காரில்லாம வாழ முடியாது. இதுதான் என் கொள்கை. என் சம்சாரம் செங்கமலத்துக்கு நேர் எதிர்க் கொள்கை. அவ கொள்கைன்னெல்லாம் சொல்ல மாட்டா, 'வித்துத் தொலைங்க'ன்னுதான் சொல்லுவா. போன மாசம் பூரா எங்க வீட்ல இதுதான் யுத்தம். விக்கிறதா, வச்சுக்கிறதா. கடைசியில நான்தான் ஜெயிச்சேன். எப்படி ஜெயிச்சேன்னு சொல்றேன், நீங்களும் கல்யாணம் ஆகவேண்டியவர், பின்னாடி உதவும்.

எங்க தெருவைப் பத்தி முதல்ல தெரிஞ்சுக்கணும். வீட்டுக்கு வீடு கார் இருக்கு, எந்த வீட்டுக்குள்ளயும் காரை நிறுத்த இடம் இல்லை. எல்லாம் தெருவோட தலையெழுத்து. ஒரு முனையில டிரான்ஸ்ஃபார்மர், அதுங்கீழ நிறுத்த பயம். இன்னொரு முனையில குப்பைத் தொட்டி, அதுக்குப் பக்கத்துல நிறுத்தினா மாடு வந்து கண்ணாடியில முகம் பார்க்கும். நல்ல இடம்னா ஒண்ணே ஒண்ணுதான். எங்க வாசலுக்கு முன்னாடி, புங்கமரத்தடி. நாள் பூரா நிழல். கொஞ்சம் மேடு வேற, சாதாரண மழைக்குத் தண்ணி நிக்காது. அந்த இடத்துலதான் நம்ம வண்டி நிக்குது. அதாவது, நிக்குதுன்னா நிக்குது. நகராது.

ஏன் நகராதுன்னா, அதுக்கு ஒரு வரலாறு இருக்கு. ஒரு வருஷம் புயல் மழைன்னு பெரிய எச்சரிக்கை கொடுத்தாங்க. உங்களுக்குத் தெரியுமே, எங்க பக்கத்து ஆளுங்க அப்படின்னா என்ன பண்ணுவாங்கன்னு. காரை எல்லாம் கொண்டுபோய் மேம்பாலத்து மேல வரிசையா நிறுத்திடுவாங்க. மனுஷன் கீழே முழங்கால் தண்ணியில நிப்பான், கார் மேல கோவில் கோபுரத்துப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கும். நானும் கொண்டுபோய் ஏத்தினேன். மழை விட்டுச்சு, வண்டியை இறக்கிட்டு வந்தேன். வந்தா, புங்கமரத்தடியில எதிர்வீட்டு அமலதாஸ் கார்.

அமலதாஸ் யாருன்னா, ஏதோ கப்பல் கம்பெனியில இருந்து ரிட்டயர் ஆனவர். ஒல்லியா, உயரமா, எப்பப் பார்த்தாலும் கேட்டுல சாஞ்சு நின்னு தெருவையே பார்த்துக்கிட்டு இருப்பாரு. நான் போய்க் கேட்டேன், "சார், இது நான் நிறுத்துற இடமாச்சே."

"அப்படியா? மரத்துல பேர் எதுவும் எழுதலையே," அப்படின்னாரு.

அன்னைக்கோட பேச்சு முடிஞ்சுது. வருஷக்கணக்காச்சு தம்பி, அதுக்கப்புறம் ஒரு வார்த்தை இல்லை. நான் குப்பைத் தொட்டிப் பக்கத்துல வண்டியை நிறுத்திட்டு, கொக்கு மாதிரி காத்திருந்தேன். அந்தக் குடும்பம் ஒரு நாள் வேளாங்கண்ணிக்குக் காரை எடுத்துட்டுப் போச்சு. மாதா அவங்களுக்கு என்ன கொடுத்தாங்களோ தெரியாது, எனக்கு இடத்தைத் திருப்பிக் கொடுத்தாங்க. அவங்க கார் தெருமுனை திரும்புறதுக்குள்ள நம்ம வண்டி மரத்தடியில. அன்னைக்கு எடுத்த முடிவுதான். இனிமே நகர்த்தினாத்தானே இடம் போகும்?

அதுக்காக வண்டியைச் சும்மா போட்டு வச்சேன்னு நினைக்காதீங்க. நல்லாப் பயன்படுத்துறேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கவரைக் கழட்டி, காக்கா எச்சத்தைத் துடைச்சு, உள்ள உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணி, ஏசி போட்டு, பழைய பாட்டு ரெண்டு கேட்டுட்டு இறங்குவேன். பேட்டரி உயிரோட இருக்கணுமில்ல? செங்கமலம் காப்பி கொண்டுவந்து கண்ணாடியைத் தட்டுவா.

"என்ன, பெரியவர் சவாரி போயிட்டு வந்துட்டாரா?"

காருக்கு அவ வச்ச பேரு அது. பெரியவர். வாசல்ல உட்கார்ந்துக்கிட்டு, ஒரு வேலையும் செய்யாம, துடைச்சு விடு, போர்த்தி விடுன்னு வேலை வாங்குறாராம். இந்த வாயை வச்சுக்கிட்டு ஒரு கல்யாணத்துல என் மானத்தையே வாங்கிட்டா. அம்பத்தூர்ல கல்யாணம். ரயில்ல போய் ஆட்டோ பிடிச்சு இறங்கினோம். மண்டபத்துக்குள்ள போகும்போது நான் கார் சாவியை விரல்ல மாட்டிச் சுத்திக்கிட்டே போனேன். தப்பில்லையே? சாவி நம்ம சாவிதானே? ஒரு பெரியப்பா வந்து பிடிச்சுக்கிட்டாரு.

"தணிகா, நீ கார்லதானே வந்திருக்கே? போற வழியில என்னை எக்மோர்ல இறக்கி விட்டுடு."

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள இவ சொல்றா, "பெரியவர் வரலை மாமா. வீட்ல போர்த்திப் படுத்திருக்காரு."

அவர் என்னையே உத்துப் பார்த்தாரு. "எந்தப் பெரியவர்டா? உங்கப்பன் போய்ச் சேர்ந்து எத்தனை காலமாச்சு?"

விடுங்க. கிண்டலோட போயிருந்தா பரவாயில்லை. கிண்டல் யுத்தமா மாறினது அவ அக்காவாலதான். மரகதம்னு பேரு, பெரம்பூர்ல இருக்காங்க. குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்புல ஆபரேஷன், வாக்கர் பிடிச்சுத்தான் நடை. இவ வாரத்துக்கு ரெண்டு தடவை போய்ப் பார்த்துட்டு வருவா. பறக்கும் ரயில், அப்புறம் பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. போயிட்டு வந்தா காலை நீட்டி உட்கார்ந்துக்கிட்டு தைலம் தேய்ப்பா. நான் எதுவும் சொன்னதில்லை. தைலம் வாசனை எனக்கு ஆகாது, இருந்தாலும் பொறுத்துக்கிட்டேன்.

ஒரு நாள் சோறு போடும்போது ஆரம்பிச்சா.

"ஏங்க, அக்காவைக் கொஞ்ச நாள் இங்க கொண்டுவந்து வச்சுக்கலாம்னு பார்க்கிறேன்."

"தாராளமா."

"கார்ல போய்க் கூட்டிட்டு வந்துடலாம்."

"எந்தக் கார்ல?"

"வாசல்ல ஒண்ணு நிக்குதே, அதுல."

"விளையாடுறியா? அதை எடுத்தா இடம் போயிடும்."

"என்ன இடம்?"

"நிறுத்துற இடம்."

"எடுக்கவே எடுக்காத வண்டிக்கு நிறுத்துற இடம் எதுக்குங்க?"

பாருங்க, எப்படிப் பேசுறா. இடம் இருக்கிறதாலதான் வண்டியை வச்சுக்க முடியுது. வண்டி இருக்கிறதாலதான் இடத்தை வச்சுக்க முடியுது. இந்தச் சின்ன விஷயம் அவளுக்குப் புரியலை. நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். "வாடகை டாக்ஸி வச்சுக் கூட்டிட்டு வா. இல்லைன்னா நீயே போயிட்டு வந்துக்கிட்டு இரு. உனக்கு பஸ்ல டிக்கெட்கூட இல்லை."

அவ கரண்டியை வச்சுட்டா. "கார் வாங்கின அன்னைக்கு டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சது எங்க அக்கா. மாங்காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நீங்கதான் சொன்னீங்க. இன்னைக்கு வரைக்கும் அவ அதுல ஏறினதில்லை. நேத்து போன்ல கேட்கிறா, 'ஏன்டி, அந்தக் கார் இன்னும் இருக்கா'ன்னு. டாக்ஸிக்காரன் வாக்கரைப் பார்த்ததும் சீக்கிரம் ஏறும்மாங்கிறான். நான் அவளை நம்ம கார்ல, நிதானமா, முன் சீட்டுல உட்கார வச்சுக் கூட்டிட்டு வரணும்."

"அமலதாஸ் இடத்தைப் பிடிச்சுடுவாரு, செங்கமலம்."

"அப்ப வித்துடுங்க."

"காரில்லாம எப்படி வாழ்றது?"

"இப்ப எப்படி வாழ்றோமோ அப்படித்தான்."

அப்புறம் என் முகத்தையே பார்த்துச் சொன்னா. "ஒரு மாசம் காரில்லாம இருந்து பாருங்க. உங்களால முடிஞ்சா வித்துடலாம். முடியலைன்னா வச்சுக்கலாம், அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கலை. சாவியை என்கிட்ட கொடுங்க."

இந்த வார்த்தையை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க தம்பி. 'இருந்து பாருங்க'ன்னா. நான் அன்னைக்கு இதைச் சரியாக் காதுல வாங்கலை. சாவியை எடுத்து சாமி படத்துக்குக் கீழே வச்சு, கும்பிட்டுட்டு அவ கையில கொடுத்தேன். முடியலைன்னு சொல்லப்போறேன், ஜெயிக்கப்போறேன், இதுல என்ன சந்தேகம்?

அந்த மாசம் இருக்கே, நரகம். முதல் நாள் காலைல பஸ்ல ஏறினேன், உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. முந்தின நாளும் பஸ்தான், நீங்க கேட்கிறது புரியுது. அது வேற, இது வேற. கார் இருந்துக்கிட்டே பஸ்ல வர்றவன் ஒரு மாதிரி நிப்பான். காரில்லாம பஸ்ல வர்றவன் வேற மாதிரி நிப்பான். கம்பியைப் பிடிக்கிற பிடியே மாறிடும். மூர்த்தியே கேட்டாரு, "என்ன சார், மூஞ்சி வாடியிருக்கு"ன்னு. "காரில்லாம இருக்கேன் மூர்த்தி"ன்னேன். அவர் பாவம், விபத்துன்னு நினைச்சு பதறிட்டாரு.

ஞாயித்துக்கிழமைதான் ரொம்பக் கஷ்டம். வண்டிகிட்டப் போகக் கூடாது. நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். செங்கமலம் காப்பி கொண்டுவந்து வச்சுட்டு, "பேட்டரியை நான் பார்த்துக்கிறேன், நீங்க பேப்பர் படிங்க"ன்னுட்டு வெளியே போனா. உனக்கு என்ன தெரியும் பேட்டரியைப் பத்தின்னு நினைச்சுச் சிரிச்சுக்கிட்டேன்.

சின்னச் சின்ன மாறுதல் கண்ணுல படாம இல்லை. கவரை நான் மடிக்கிற மாதிரி மடிக்கலை, புடவை மாதிரி கொசுவி வச்சிருந்துச்சு. டிரைவர் சீட்டு முன்னாடி தள்ளியிருந்துச்சு. ஓரக் கண்ணாடி திரும்பியிருந்துச்சு, காத்துன்னு நினைச்சேன். ஒரு நாள் சாயங்காலம் பானட்டைத் தொட்டேன், சுட்டுச்சு. வெயில்னு நினைச்சேன். மரத்தடியில ஏது வெயில்னு இப்பக் கேட்கத் தோணுது. வண்டிக்கு அடியில எப்பவும் படுத்திருக்கிற ஒரு செவலை நாய், வீடு இழந்த மாதிரி நடுத்தெருவுல உட்கார்ந்து என்னையே முறைச்சுது. அது எதையோ சொல்லப் பார்த்திருக்கு. எனக்குத்தான் புரியலை.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு நடந்துச்சு, இப்பவே சொல்லிடுறேன். தீபாவளிக்கு முன்னாடி. ஏதோ காரணத்துக்கு மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பிட்டேன். விஜயநகர் சிக்னல்ல பஸ்ஸுக்கு முன்னாடி ஒரு டிரைவிங் ஸ்கூல் கார் நின்னுபோச்சு. பச்சை விழுந்தும் நகரலை. எனக்குக் கோபம் வந்து ஜன்னல் வழியா தலையை நீட்டிக் கத்தினேன், "ஏம்மா, வீட்ல தோசைக்கல்லுல தோசையைத் திருப்பத் தெரிஞ்சா போதாதா? ஸ்டியரிங் எதுக்கு?" பஸ்ஸே சிரிச்சுது. முன்னாடி இருந்த பொம்பளை திரும்பிக்கூடப் பார்க்கலை. முதுகு மட்டும் தெரிஞ்சுது.

சரி, போன சனிக்கிழமைக்கு வர்றேன். மாசம் முடியப்போகுது. முடியலைன்னு எப்படிச் சொல்றது, எந்த வலியை முதல்ல சொல்றதுன்னு பஸ்லயே ஒத்திகை பார்த்துக்கிட்டு வந்தேன். அன்னைக்குக் கடையில அரை நாள்தான். தெருவுக்குள்ள திரும்பினேன். மரம் இருக்கு. மரத்தடியில கார் இல்லை.

கார் நின்ன இடத்துல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எங்க வீட்டு நாற்காலி, ஒரு கால் லேசா விரிசல் விட்டது. அதுல குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க லூர்து டீச்சர். அமலதாசோட சம்சாரம். கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. மடியில முருங்கைக்கீரை, ஆய்ஞ்சுக்கிட்டு இருக்காங்க, நடுத்தெருவுல, அவங்க வீட்டுச் சமையலறை மாதிரி.

"டீச்சர், என் கார் எங்க?"

"பெரம்பூர்ல."

"பெரம்பூரா? எவன் எடுத்துட்டுப் போனான்?"

"எவனும் எடுக்கலை சார். உங்க மிஸஸ்தான் எடுத்துட்டுப் போயிருக்காங்க."

"அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாதே!"

டீச்சர் கீரையிலேருந்து தலையைத் தூக்கி, தப்பா கணக்குப் போட்ட பையனைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாங்க. "டிரைவிங் ஸ்கூல்ல அடிப்படை சொல்லிக் கொடுத்தாங்க. ரிவர்ஸ் மட்டும் நான் சொல்லிக் கொடுத்தேன்."

"நீங்களா? உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"எங்க வீட்டுக் காரை வேற யாரு சார் ஓட்டுறா? அவருக்கு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கும். கப்பல்லயே வாந்தி எடுத்த மனுஷன்."

அப்ப புயலுக்கு அப்புறம் இடத்தைப் பிடிச்சது? இவங்கதான். வேளாங்கண்ணிக்கு ஓட்டிட்டுப் போனது? இவங்கதான். இத்தனை வருஷமா நான் தினம் காலைல யாரை முறைச்சுட்டு ஆபீஸ் போனேனோ, அந்த மனுஷன் தன் வீட்டுக் காரைக் கழுவினதைத் தவிர ஒரு பாவமும் பண்ணலை. எதிரே கேட்டுல சாஞ்சு நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாரு. நானும் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

செங்கமலத்துக்குப் போன் போட்டேன். எடுக்கலை. திரும்பப் போட்டேன். கட் பண்ணிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு அவளே கூப்பிட்டா.

"ஓட்டும்போது போன் பேசக் கூடாதுங்க. ஓரமா நிறுத்திட்டுப் பேசுறேன். சொல்லுங்க."

"என்ன சொல்லுங்க? எங்கடி இருக்கே?"

"கிளம்பியாச்சு. அக்காவை ஏத்திட்டேன். முன் சீட்டுல உட்கார்ந்திருக்கா. ஏசி குளிருதாம், போர்வை கேட்கிறா."

பக்கத்துல குரல் கேட்குது, "மாப்பிள்ளை, சீட்டு மெத்து மெத்துன்னு இருக்கு! வாக்கர் பின்னாடி சமத்தாப் படுத்திருக்கு!"

"உனக்கு லைசென்ஸ் ஏது?"

"தீபாவளிக்கு அப்புறமே வந்துடுச்சு. கத்துக்கும்போதுதான் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு. விஜயநகர் சிக்னல்ல ஒரு நாள் வண்டி ஆஃப் ஆயிடுச்சு. பஸ்லேருந்து ஒரு ஆள் தோசைக்கல்லுன்னு ஏதோ கத்தினாரு. எங்கயோ கேட்ட குரலா இருந்துச்சு."

நான் பேச்சை மாத்தினேன். மாத்தித்தானே ஆகணும்? "காரில்லாம ஒரு மாசம் இருக்கிறதுன்னுதானே பேச்சு? நீயே மீறலாமா?"

"நான் எங்க மீறினேன்? 'இருந்து பாருங்க'ன்னேன். 'இருந்து பார்ப்போம்'னு சொல்லலையே."

தம்பி, நான் கணக்கு எழுதுறவன். ஒரு எழுத்து மாறினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ஆனாலும் தெருவுல நின்னுக்கிட்டு, 'பாருங்க', 'பார்ப்போம்', 'பாருங்க', 'பார்ப்போம்'னு ரெண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். டீச்சர் கீரையைப் பார்த்தே சிரிச்சாங்க.

"சரி, நேரமாகுது," அப்படின்னா செங்கமலம். "மாசம் முடியப்போகுது. உங்களால காரில்லாம முடிஞ்சுதா, முடியலையா? முடிஞ்சுதுன்னா பேசின மாதிரி வித்துடலாம். நான் பழையபடி ரயில், பஸ், ஷேர் ஆட்டோன்னு போய்க்கிறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். சொல்லுங்க."

அவ குரல்ல கிண்டல் இல்லை. அது எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. ரெண்டு பேரும் ரோட்டோரமா வண்டியை நிறுத்திட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்கன்னு தோணுச்சு.

"முடியலை," அப்படின்னேன்.

"நெசமாவா?"

"சத்தியமா முடியலை."

"அப்ப வச்சுக்கலாம்," அப்படின்னுட்டு போனை வச்சுட்டா. வைக்கிறதுக்கு முன்னாடி அக்கா கை தட்டின சத்தம் கேட்டுச்சு.

ஆக, விக்கலை. நான் சொன்னதுதான் நடந்துச்சு. பார்த்தீங்களா? கொள்கையில உறுதியா நிக்கணும்.

கிண்டி தாண்டியாச்சா? இந்தப் புது டிரைவர் பரவாயில்லை, நல்லாத்தான் ஓட்டுறான். நீங்க எங்க, விஜயநகர்லயே இறங்கிடுவீங்களா? அப்ப மிச்சத்தைச் சீக்கிரம் சொல்லிடுறேன்.

நான் போனைப் பைக்குள்ள வைக்கிறேன், டீச்சர் கீரையை முறத்துல அள்ளிக்கிட்டு எழுந்துட்டாங்க. "சார், எனக்குக் கோயிலுக்கு நேரமாச்சு, சாயங்காலப் பூசை. நான் வண்டி எடுக்கணும்."

"எடுங்க."

"உங்க மிஸஸ் வர்ற வரைக்கும் இங்க யாராவது உட்காரணுமே. அவங்க எடுத்தா நான் உட்காருவேன், நான் எடுத்தா அவங்க உட்காருவாங்க. அதுதான் ஏற்பாடு. இப்ப ரெண்டு வண்டியும் வெளிய இருக்கப்போகுது. அந்தத் தண்ணிக் கேன் வேன்காரன் ஏற்கெனவே ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டுப் போயிட்டான்."

"இந்த ஏற்பாடு எப்போலேருந்து?"

"நீங்க காரில்லாம இருக்க ஆரம்பிச்சதுலேருந்து."

அவங்க கார் நம்ம இடத்துக்குப் பின்னாடியே, சாக்கடை மூடிகிட்ட நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஏறினாங்க, ஒரே மடக்குல எடுத்தாங்க, போயிட்டாங்க. தெருவே பார்க்குது. மாடியில துணி எடுக்கிறவங்க துணியை எடுக்காம நிக்கிறாங்க. நான் ஆபீஸ் பையோட, இஸ்திரி சட்டையோட, நடுத்தெருவுல ஒரு காலி நாற்காலிக்குப் பக்கத்துல நிக்கிறேன். அந்த நாய் வந்து நாற்காலிக்கு அடியில படுத்துக்கிச்சு. அந்தச் சமயம் பார்த்து தெருமுனையில தண்ணிக் கேன் வேன் திரும்புது. நேரா மரத்தடியைப் பார்த்துத்தான் வர்றான். ஹாரன் வேற.

நான் பையை மடியில வச்சுக்கிட்டு நாற்காலியில உட்கார்ந்தேன்.

வேன் கிட்ட வந்து, இன்னொரு தடவை ஹாரன் அடிச்சுட்டு, பின்னாடி இருந்த காலி இடத்தைப் பார்த்துத் திரும்பிச்சு. எதிர்ல கேட் திறக்கிற சத்தம் கேட்டுச்சு. வேன் அங்க நுழையறதுக்குள்ள அமலதாஸ் ஒரு மர நாற்காலியைத் தூக்கிட்டு வந்தாரு. டீச்சர் கார் நின்ன இடத்துல, சாக்கடை மூடி மேல, என் பக்கமாத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாரு.